காலண்டர் ராஜாவின் கை

ஃபெபி அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதச் சொல்லி அவரே எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை கிடையாது, ஆவடி மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை நிறையக் காய்கறியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். "நான் செத்தப்புறம் நீ எழுதுனா அத எவன்டா திருத்துறது? இப்பவே எழுது" என்றார். எங்கள் சபையில் யார் செத்தாலும் இருபது வருடமாக அவர்தான் எழுதுகிறார். அவருக்கு எழுத ஆள் இல்லை. அதனால் மைக் செட் போடுகிற என் தலையில் வந்து விழுந்தது.

பிறந்த தேதி, படித்த பள்ளி என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே அடித்துவிடுவார். எனவே அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற காலண்டரில் ஆரம்பிக்கிறேன்.

அது பதினோரு வருடம் பழையது. தேதித் தாளெல்லாம் எப்போதோ கிழிந்துபோய் மேலே இருக்கும் படம் மட்டும் மிச்சம். அம்பத்தூரில் அச்சகம் வைத்திருக்கும் அந்தோணிராஜ் போட்ட காலண்டர். பழைய காலத்து வெளிநாட்டு ஓவியங்களை இணையத்திலிருந்து எடுத்துச் சபைகளுக்குக் காலண்டர் அடிப்பது அவர் வழக்கம். படத்தில் இருப்பவர்கள் நீளமாக அங்கி உடுத்தியிருந்தால் போதும், வேதக் கதைதான் என்று முடிவு கட்டிக் கீழே ஒரு வசனத்தைப் போட்டுவிடுவார்.

அந்தப் படத்தில் ஒருவர் கையில் சுருளை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ராஜா. ராஜாவின் மடியில் ஒரு பெண் முகம் வெளுத்துச் சாய்ந்து கிடக்கிறாள். பக்கத்தில் ராணி மாதிரி இன்னொருத்தி, அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ராஜா ஒரு கையால் மடியில் கிடப்பவளைத் தாங்கிக்கொண்டு மறு கையை உயர்த்தியிருக்கிறார்.

அக்கா அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். படிக்கிறவர் தீர்க்கதரிசி. கேட்ட வார்த்தை குத்தியதால் அந்தப் பெண் மயங்கிவிட்டாள். ராஜா, "பரவாயில்லை, மேலே படி" என்று கை காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் சபைக்குக் கிளம்புவதற்கு முன் அந்தக் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். "ராஜாவே படின்னுட்டாரு. அப்பால எனக்கு இன்னாடா பயம்?" என்பார்.

பயம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

எங்கள் சபையில் அடக்க ஆராதனையிலும் நினைவு ஆராதனையிலும் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் வாசிப்பார். லைஃப் ஸ்கெட்ச் என்றுதான் எல்லோரும் சொல்வோம். முன்பெல்லாம் அது ரேஷன் கார்டைப் படிப்பது போல இருக்கும். முகப்பேரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் டி.சி. எழுதிக்கொண்டிருந்த ஃபெபி அக்கா, ஒருநாள் கோபப்பட்டு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, செத்தவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க மாட்டார். காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தேடுவார், எதற்குக் கோபம் வரும், சாப்பாட்டில் எதை ஒதுக்குவார் என்று கேட்பார். நீளத் தாளில், ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில் எழுதுவார். அவர் வாசித்தால் செத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவர் கையால் ஒன்று எழுதி வாங்க வேண்டும் என்று எனக்கே ஆசை உண்டு, அதற்குச் சாக வேண்டும் என்பதுதான் இடைஞ்சல்.

முதன்முதலில் எழுதியது ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு. வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப் பெயரை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றாக இருக்கும் என்று கடைசி வரியில் வைத்தார். மைக்கில் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுடைய அம்மா அப்படியே சரிந்தார். பெஞ்சு முனையில் மண்டை பட்டு ஏழு தையல். ஒரு மாதம் அக்கா சபைப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு சட்டத்தோடு வந்தார். செத்தவருக்கு யார் மிக நெருக்கமோ அவருக்கு முதல் நாளே, வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டிவிட வேண்டும். யாரும் எதையும் முதன்முதலாக மைக்கில் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு இருபது வருடத்தில் அந்தச் சட்டத்தை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை.

இப்போது ரிச்சர்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

ரிச்சர்ட் எங்கள் சபைச் செயலாளர் ஞானதுரை ஐயாவின் ஒரே மகன். இருபத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. போன ஆகஸ்டில் வெள்ளானூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். அவன் அம்மா அருள்செல்விக்கு அதற்கு மூன்று மாதம் முன்புதான் இருதயக் குழாயில் அடைப்பு எடுத்திருந்தார்கள். அடக்கத்தை அவசர அவசரமாக முடித்தார்கள், லைஃப் ஸ்கெட்ச் வாசிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நினைவு ஆராதனையில் வாசிக்கலாம் என்று ஏற்பாடு.

ஆராதனைக்கு ஐந்து நாள் முன்பு ஐயாவே அக்கா வீட்டுக்கு வந்தார். நான் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். ஸ்பீக்கர் எத்தனை வேண்டும் என்று கேட்க நானும் மாடி ஏறினேன். ஐயா கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், பட்டம், வேலை. கடைசியில், "திருமணம் ஆகாத நிலையில், பெற்றோரைத் தவிக்கவிட்டு" என்று முடிந்தது.

"இத அப்படியே படிச்சிடும்மா. கூட ஒண்ணும் சேக்க வேணாம்."

"செல்விக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டிட்றேன் ஐயா."

"வேணாம்" என்றார். சட்டென்று வந்தது அந்த வார்த்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ ஒடம்பு தாங்காது. நீ வூட்டுப் பக்கம் வரவேணாம்மா, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றார்.

சபையில் ஞானதுரை ஐயா வைத்ததுதான் சட்டம். போதகரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஜெபத்தை நீட்டுவார், சுருக்குவார். அப்படிப்பட்டவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

அது ஏன் என்று இரண்டு நாளில் தெரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் வந்து, ஃபெபி ஆன்ட்டி வீடு எது என்று என்னிடம் கேட்டாள். அடக்கத்தன்று ஆபீஸ் கூட்டத்தோடு நின்ற பெண் என்று அடையாளம் தெரிந்தது. மேலே கூட்டிக்கொண்டு போனேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். திருமணப் பதிவுச் சான்றிதழ். ரிச்சர்ட், அகல்யா. தேதி, அவன் சாவதற்கு எட்டு மாதம் முன்பு.

"முகப்பேர்ல ஃப்ரெண்டுகூட தங்கியிருக்கேன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லியிருந்தார் ஆன்ட்டி. அந்த ஃப்ரெண்டு நான்தான்" என்றாள். "அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆபரேஷன் முடியட்டும், சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே வந்தார். ஆஸ்பத்திரி பிணவறை வாசல்ல என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். 'அவளும் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன், கொஞ்ச நாள் பொறு'ன்னார். பொறுத்தேன். என் புருஷனுக்கு மண்ணு போட நாப்பதாவது ஆளா வரிசையில நின்னேன்."

வாட்ஸ்அப்பில் வந்த நினைவு ஆராதனை அழைப்பில் குடும்பத்தார் பெயர் வரிசையாக இருந்ததாம். தேனியில் இருக்கும் பெரியம்மா வரைக்கும் போட்டிருந்தார்களாம். அதைப் பார்த்ததும்தான் கிளம்பி வந்திருக்கிறாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவர் வாழ்க்கையப் படிக்கும்போது என் பேரை ஒருதடவை படிங்க. இல்லேன்னா நான் அவர் வாழ்க்கையிலயே இல்லாம போயிடுவேன்."

அக்கா அவளை இழுத்து உட்கார வைத்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள், நடுவில் ஒருமுறை சிரித்தாள். ஒரு மணி நேரம் போனது. கிளம்பும்போதுதான் அவள் கண் காலண்டர் மேல் விழுந்தது.

"இந்தப் படம் எப்படி ஆன்ட்டி இங்க? இது எங்க ஆபீஸ்ல பழைய ஓவியங்களுக்குக் குறிப்பு போடுற வேலையில வந்திருக்கு."

"தீர்க்கதரிசி ராஜாவுக்குப் படிக்கிறாரும்மா."

"இல்ல ஆன்ட்டி. அவர் ரோமாபுரிக் கவிஞர். ராஜா குடும்பத்துக்குத் தன்னோட காவியத்தைப் படிச்சுக் காட்டுறார். மடியில இருக்கிறது ராஜாவோட அக்கா. அவங்க மகன் சின்ன வயசிலயே செத்துட்டான். பாட்டுல திடீர்னு அவன் பேர் வருது, அதைக் கேட்டு மயங்கிட்டாங்க. பக்கத்துல ராணி. அந்தச் சாவுல அவங்களுக்குப் பங்கு இருக்குன்னு ஒரு பேச்சு."

அக்கா எழுந்து காலண்டரிடம் போனார். "அப்போ இந்தக் கை?"

"நிறுத்துங்கறார்."

பதினோரு வருடம் எந்தக் கையைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டாரோ அந்தக் கை நிறுத்து என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"படிக்கிறவரு நிறுத்தினாரா?" என்று கேட்டார் அக்கா.

"படத்துல அது இல்ல ஆன்ட்டி" என்றாள் அகல்யா.

அவள் போனதும் நான் சொன்னேன். "யக்கா, இது நமக்குத் தேவையில்லாத வேல. அந்தம்மாவுக்கு எதுனா ஆச்சின்னா பழி உன் தலைலதான் வந்து விழும். அப்புறம் ஆயுசுக்கும் நீ எழுந்திருக்க மாட்ட." நான் அப்படித்தான். எனக்கு மைக் ஓயர் மேல் யாரும் கால் வைக்காமல் போனால் போதும், உலகம் சரியாக இருக்கும்.

அக்கா செல்விக்கு முதலிலேயே படித்துக் காட்டும் முயற்சியை விடவில்லை. வெள்ளி காலை, வெள்ளி மாலை, சனி காலை என்று மூன்று முறை என் ஸ்கூட்டரில் ஏறி ஞானதுரை ஐயா வீட்டு வாசலுக்குப் போனார். மூன்று முறையும் ஐயாவே கதவைத் திறந்து, "தூங்குறா" என்றார். மூன்றாவது முறை உள்ளே அருள்செல்வி அம்மா யாரிடமோ தண்ணீர் கேட்கும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டது. கதவைச் சாத்தினார். அந்த அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து அக்கா பேசினார். "பேர் சொல்லலன்னா அந்தப் பொண்ணு செத்துரும்டா. சொன்னா இவ செத்துட்டான்னா?" என்றார். சிக்னலில் பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆராதனை. காலையிலேயே அக்கா இறங்கி வந்து ஒரு புது பேட்டரி ஜோடியை என் கையில் திணித்தார். "கையில புடிக்கிற மைக்குல போடு. ஸ்டாண்டு மைக் எனக்கு வேணாம்" என்றார். என்ன படிக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

சபை நிரம்பியிருந்தது. முன் பெஞ்சில் ஞானதுரை ஐயா, அவருக்கு வலது பக்கத்தில் அருள்செல்வி அம்மா, அடுத்து அம்மாவின் தங்கை. கடைசி பெஞ்சில் ஆபீஸ்காரர்கள் நடுவில் அகல்யா, வெள்ளைச் சுடிதார். நான் பக்கவாட்டுச் சுவரோரம் மிக்ஸருக்குப் பின்னால். அங்கிருந்து எனக்கு எல்லோர் முகமும் தெரியும்.

பாட்டு முடிந்தது. போதகர் தலையசைத்தார். அக்கா எழுந்து ஸ்டாண்டுப் பக்கம் போகாமல், நேராக முன் பெஞ்சுக்கு வந்து அருள்செல்வி அம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் செய்ய விடாததை இங்கே செய்யப்போகிறார். ஐயாவின் முதுகு விறைத்தது.

"செல்வி, நம்ம ரிச்சர்டப் பத்தி எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"ரிச்சர்ட் காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது ஒரு செருப்பை. இன்னொன்று காலில் இருக்கும். இருபத்தெட்டு வயது வரைக்கும் அந்த ஒற்றைச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தது அவன் அம்மா." அருள்செல்வி அம்மாவின் உதடு அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஞாயிறு வகுப்பில் அவன் தூங்கியது வந்தது. வண்டி ஓட்டப் பழகும்போது கோழிக்கூண்டில் மோதியது வந்தது. கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது.

"சாம்பாரில் முருங்கைக்காய் வாசனை வேண்டும், ஆனால் கடிக்கப் பிடிக்காது. தன் தட்டில் விழுவதை எல்லாம் எடுத்து அம்மா தட்டில் போடுவான். அம்மா ஊருக்குப் போன நாளில் முருங்கைக்காயை ஒதுக்கி வைத்து, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்." அக்கா நிறுத்தி, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். "கடைசி எட்டு மாதம் அந்த முருங்கைக்காய் இன்னொரு தட்டிலும் விழுந்தது."

ஐயாவின் வலது கை உயர்ந்தது.

அக்காவுக்கு அல்ல. என் பக்கம் திரும்பி, எனக்குத்தான். உள்ளங்கை தெரிய, விரல்கள் விறைத்து, நிறுத்து என்று. அவர் கண்களில் அதிகாரமே இல்லை, பயம்தான் இருந்தது. அது என்னை இன்னும் மோசமாகத் தாக்கியது. அந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்ததை நானும் பார்த்தேன். என் விரல் வால்யூமின் மேல் இருந்தது. குறைத்தேன். முழுவதும் குறைத்தேன்.

ஸ்பீக்கர் செத்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா மைக்கை ஒருமுறை பார்த்தார், மடியில் வைத்தார். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே படித்தார், எப்போதும் வீட்டில் படிக்கிற அதே குரலில்.

"அந்தத் தட்டு அகல்யாவுடையது. அகல்யா ரிச்சர்டின் மனைவி."

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. முன் மூன்று பெஞ்சுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. அருள்செல்வி அம்மா கையை நெஞ்சில் வைத்தார். அவருடைய தங்கை தோளைப் பிடித்தாள். ஐயாவின் கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது, இறக்க மறந்துவிட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான அரை நிமிடத்தை நான் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் எண் எனக்கு மறந்தே போனது.

"முருங்கக்காய அவளுக்குமா போட்டான்?" என்றார் அந்த அம்மா.

"ஆமா செல்வி."

"அவ துன்னாளா?"

"துன்னாளாம். அவளுக்கும் புடிக்காது. இவனுக்காகத் துன்னாளாம்."

அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுகையோடே கையை நீட்டி, அந்தரத்தில் நின்ற புருஷனுடைய கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். அவர் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"வந்துகீதா அந்தப் பொண்ணு?"

ஐயா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"தள்ளி உக்காருங்க. அது வந்து உக்காரட்டும்."

ஞானதுரை ஐயா தள்ளி உட்கார்ந்தார். கடைசி பெஞ்சிலிருந்து அகல்யா நடந்து வந்த தூரம் முழுக்க ஒருவரும் இருமக்கூட இல்லை. அவள் உட்கார்ந்ததும் அருள்செல்வி அம்மா, "ஃபெபி, மொதல்லேர்ந்து படி. இவளுக்குக் கேட்டிருக்காது" என்றார். நான் வால்யூமை ஏற்றினேன். அக்கா மைக்கை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். இந்த முறை "மனைவி அகல்யா" என்பது வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாகத் தெருவில் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

நடுவில் மைக் ஏன் நின்றது என்று அன்றைக்கே பத்துப் பேர் கேட்டார்கள். பேட்டரி போயிடுச்சு என்றேன். ஞானதுரை ஐயா இன்று வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது பேச்செடுத்தால் அக்காவும், "இவன் போடற பேட்டரி இவன மாதிரியே, பாதில படுத்துக்கும்" என்று என்னைக் கிண்டல் செய்து சிரிப்பார். நானும் கூடவே சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

காலண்டர் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்தோணிராஜிடம் சொன்னேன், வருத்தப்பட்டு வேறு படம் தருகிறேன் என்றார். அக்கா கழற்ற விடவில்லை. "கை இன்னா சொன்னா இன்னாடா, படிக்கிறவரு சுருள மடிச்சு வெக்கல பாரு" என்றார்.

ஃபெபி அக்காவின் வாழ்க்கையில் எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் அவர் யார் என்று கேட்டால் எனக்கு அந்த அரை நிமிடம்தான் தெரியும். அதை எழுதினால் நான் யார் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது, எழுதிவிட்டேன். அவர் சட்டப்படி இதை வேறு யாரும் கேட்பதற்கு முன் அவருக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து. நாளைக் காலை மாடிக்குப் போகப்போகிறேன். அன்றைக்குப் புது பேட்டரியைத் தன் கையாலேயே எனக்குக் கொடுத்தவர் அவர்.